ஹாங்காங்கிலிருந்து வந்த சீதபேதி

வெளியூர்த் தண்ணீர் வயிற்றைக் கலக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஈ.கோலை, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள்தான் பெரும்பாலும் காரணம். அப்படிப் பயணம் போய் வந்த ஒருவரின் வயிற்றுக்கோளாறு, விஞ்ஞானிகளின் ஒரு பெரிய நம்பிக்கையையே அசைத்துவிட்டது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

1897-ல் ஜப்பானில் சீதபேதி பரவி 90,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் பிழைக்கவில்லை. அப்போது கியோஷி ஷிகா கண்டுபிடித்த கிருமிதான், அவர் பெயராலேயே அழைக்கப்படும் ஷிகெல்லா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சல்ஃபா மருந்துகள் வந்ததும் நோய் குறைந்தது. ஆனால் 1950-களின் தொடக்கத்திலேயே பெரும்பாலான ஷிகெல்லா கிருமிகள் சல்ஃபாவுக்கு மசியவில்லை. சரி, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் இருக்கின்றனவே என்று டாக்டர்கள் நம்பினார்கள்.

1955-ல் ஹாங்காங் போய்த் திரும்பிய ஒரு ஜப்பானியப் பெண்ணுக்குச் சீதபேதி. சோதித்துப் பார்த்தால், அந்த ஷிகெல்லா இந்த நான்கு மருந்துகளுக்குமே சாகவில்லை!

இதில் என்ன அதிசயம்? தற்செயலான மரபணு மாற்றத்தால்தான் கிருமி எதிர்ப்புச் சக்தி பெறும் என்று அன்று நினைத்தார்கள். ஒரு மருந்துக்கு அப்படி மாறுவது கோடியில் ஒரு கிருமி என்று வைத்துக்கொண்டால், நான்குக்கும் சேர்த்து மாற, கோடியைக் கோடியால் மூன்று முறை பெருக்க வேண்டும். நடக்கிற காரியமா? ஆனால் அதே மாதிரிக் கிருமிகள் அடுத்தடுத்து ஜப்பானில் கிடைத்தன. நோயாளிகளின் குடலிலிருந்த ஈ.கோலையிலும் அதே எதிர்ப்பு இருந்தது.

1959-ல் அகிபா, ஓச்சியாய் ஆகியோரின் குழுக்கள் விடை கண்டன. எதிர்ப்புள்ள ஈ.கோலையையும் சாதாரண ஷிகெல்லாவையும் ஒன்றாக வளர்த்தபோது, நான்கு எதிர்ப்புகளும் ஒரே மூட்டையாகக் கைமாறின. அந்த மூட்டைக்கு இன்றைய பெயர் பிளாஸ்மிட். த்ஸுதோமு வதனபே 1963-ல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை இதை மேற்குலகில் பரவலாக அறியச் செய்தது.

ஆக, நம் குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலைகூட நோய்க்கிருமிக்கு ஆயுதம் கடன் கொடுக்கலாம். பயணத்தில் ஆண்டிபயாடிக் சாப்பிட்டவர்கள், எதிர்ப்புள்ள கிருமிகளைக் குடலில் சுமந்து திரும்புவது அதிகம் என்று 2015-ல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்றும் சொல்கிறது.

எனவே நண்பர்களே, லேசான வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் போதும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் டாக்டரிடம் போங்கள். மருந்துக்கடையில் நாமாகவே ஆண்டிபயாடிக் கேட்டு வாங்கினால், அந்த மூட்டையைச் சுமக்கும் கிருமிகளுக்குத்தான் கொண்டாட்டம்.