12 வருஷம் குடியிருந்தா இடம் சொந்தமாகிடுமா? சட்டம் சொல்வது இதுதான்!

ஊர்ல தாத்தா வாங்கிப்போட்ட அஞ்சு சென்ட் இடம். நீங்க வெளியூர்ல வேலையில இருக்கீங்க. 'பார்த்துக்கோங்க'னு சொல்லி தெரிஞ்சவர் ஒருத்தரைக் குடிவெச்சு 15 வருஷம் ஆச்சு. இப்போ காலி பண்ணச் சொன்னா, "12 வருஷம் தாண்டிடுச்சு, இடம் எங்களுக்குத்தான்" என்கிறார். இதைக் கேட்டு பயப்பட வேண்டுமா? அவசியமில்லை. ஆனா, அலட்சியமாவும் இருக்கக் கூடாது.

அந்த 12 வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது?

1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்திலிருந்து. உங்க இடத்தை ஒருத்தர் உங்க உரிமைக்கு எதிராகக் கைப்பற்றி அனுபவிச்சா, 12 வருஷத்துக்குள்ள நீங்க வழக்கு போடணும். அரசு நிலமா இருந்தா அரசுக்கு 30 வருஷம். அந்தக் கெடு முடிஞ்சா, சட்டத்தின் 27-வது பிரிவுப்படி உரிமையாளரின் உரிமையே போய்விடும். இதைத்தான் 'எதிரிடை அனுபவம்' என்கிறார்கள். கோர்ட் பக்கம் போனா 'அட்வர்ஸ் பொசஷன்' என்று காதில் விழும்.

எத்தனை வருஷம் என்பதைவிட, எப்படி இருந்தார் என்பதே முக்கியம்

வெறுமனே குடியிருந்தா போதாது. எந்தத் தேதியில் அனுபவம் தொடங்கியது, அது உரிமையாளருக்குத் தெரியுமா, எல்லோருக்கும் தெரியும்படி இடைவிடாமல் தொடர்ந்ததா என்பதையெல்லாம், உரிமை கேட்பவர்தான் நிரூபிக்கணும். 2004-ல் கர்நாடக வக்ஃப் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கு.

அனுமதியோடு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஓடாது. அதாவது,

* வாடகைக்கு, குத்தகைக்கு, ஒத்திக்கு இருப்பவர்கள்

* வாட்ச்மேன், பராமரிப்பாளர்

* 'சும்மா இருந்துட்டுப் போங்க'னு தங்கவைக்கப்பட்ட உறவினர், நண்பர்

இவர்கள் 40 வருஷம் இருந்தாலும், அனுமதியில் இருக்கும்வரை இடம் சொந்தமாகாது. பூர்வீகச் சொத்தில் அண்ணன் மட்டும் குடியிருந்தாலும், தங்கையின் பங்கு தானாகப் போய்விடாது. 'உனக்குப் பங்கே கிடையாது' என்று வெளிப்படையாக மறுத்து, அந்த நிலையிலேயே 12 வருஷம் ஓடியிருந்தால்தான் சிக்கல்.

நீங்கள் உரிமையாளரா?

* குடிவைக்கும்போதே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்க. வாடகையை பேங்க் மூலமா வாங்குங்க. 'அனுமதியில்தான் இருந்தார்' என்பதற்கு அதுதான் சாட்சி.

* வில்லங்கச் சான்று மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீங்க. பத்திரப் பதிவுகள்தான் அதில் வரும். யார் குடியிருக்காங்கனு வராது. வருஷத்துக்கு ஒருமுறையாவது நேர்ல போய்ப் பாருங்க.

* வக்கீல் நோட்டீஸோ போலீஸ் புகாரோ 12 வருஷக் கெடுவை நிறுத்தாது. சிவில் கோர்ட்டில் வழக்கு போடணும்.

* இடத்தை வேறொருவருக்கு விற்றாலும் கணக்கு பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்காது. ஆள் இருக்கும் இடத்தை வாங்குபவர்கள் கவனம்!

நீங்கள் குடியிருப்பவரா?

* கரன்ட் பில், வீட்டு வரி ரசீது எல்லாம் நீங்க அங்கே இருந்ததற்கான ஆதாரம். உரிமைப் பத்திரம் ஆகாது. பட்டாகூட வருவாய்த் துறை ஆவணம்தான். அது மட்டுமே உரிமையை முடிவு செய்யாது.

* பத்திரம் இருக்கு என்பதற்காக உங்களை அடிச்சு விரட்டவோ, பூட்டை உடைக்கவோ யாருக்கும் அதிகாரம் இல்லை. நிலையாக அனுபவத்தில் இருப்பவரைச் சட்டப்படிதான் வெளியேற்ற முடியும். அப்படிப் பலவந்தமா வெளியேற்றினா, 6 மாதத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்கு போட்டு அனுபவத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த வழக்கில் இடம் யாருடையது என்ற கேள்வியே எழாது. ஆனா, அரசுக்கு எதிரா இப்படி வழக்கு போட முடியாது.

* உண்மையிலேயே 12 வருஷ எதிரிடை அனுபவம் இருந்தா, நீங்களே வழக்கு போட்டு உரிமை கேட்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கு. அதேநேரம், 'இடத்தை விலைக்கு வாங்கினேன்' என்பதும் 'எதிரிடையா அனுபவிச்சேன்' என்பதும் ஒன்றுக்கொன்று முரண். இரண்டையும் சேர்த்துச் சொன்னா வழக்கு பலவீனமாகும்.

இது நியாயமா?

இந்தச் சட்டம் பகுத்தறிவுக்குப் பொருந்தாதது, மத்திய அரசு இதை மறுபரிசீலனை செய்யணும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனா 2023-ல் சட்ட ஆணையம், மாற்றம் தேவையில்லை என்று அறிக்கை கொடுத்தது. ஆக, 12 வருஷக் கணக்கு இன்றும் அப்படியேதான் இருக்கு.

உங்க குடும்பத்துக்கு எங்கேயாவது இடம் இருக்கா? இன்னிக்கே வீட்டுல கேளுங்க: 'அங்கே இப்போ யார் இருக்காங்க, எந்த வருஷத்துல இருந்து, யார் சொல்லி இருக்காங்க?' பதில் தெளிவா வரலைன்னா, பத்திரத்தோட ஒரு சிவில் வக்கீலைப் பார்த்துடுங்க.