தாலியில் பிள்ளையார்

1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்திறங்கிய மயார் தெ தூர்நோன், திருத்தந்தை 11ஆம் கிளெமெண்டின் தூதர். சீனா போகும் வழியில் இங்கே அவருக்கு ஒரு வழக்கு காத்திருந்தது. மதுரை மிஷனின் சேசு சபைக் குருக்கள் தங்கள் கிறிஸ்தவர்களுக்கு விட்டுவைத்த தமிழ் வழக்கங்கள் விசுவாசத்துக்கு ஒத்தவையா?

வழக்கு பழையது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பூணூல், குடுமி, சந்தனத்தைக் குலத்தின் அடையாளமாகவே கண்டார். 1623இல் ரோமாபுரியும் அவற்றை நிபந்தனையோடு ஏற்றது.

தூர்நோன் புதுச்சேரியில் நோயில் படுத்தார். உள்நாட்டு மிஷனைப் பார்க்கவே இல்லை. பூஷே, பெர்தோல்தி என்ற இரு குருக்களை விசாரித்து, 1704 ஜூன் 23ஆம் தேதியிட்ட ஆணையில் 16 விதிகளை வகுத்தார். ஞானஸ்நானத்தில் உமிழ்நீரையும் உப்பையும் தவிர்க்கக்கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. சிலுவையோ இயேசு, மாதா உருவமோ இருக்கலாம். கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக்கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர் கோயில் திருவிழாவில் வாசிக்கக்கூடாது. மாதவிலக்கான பெண்ணைப் பாவசங்கீர்த்தனத்திலிருந்து விலக்கக்கூடாது. நோயுற்ற பறையரைக் குரு அவர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

தாலியையும் தேங்காயையும் பற்றி, ஊரைக் காணாமலே ஒருவர் தீர்ப்பெழுதியது அநியாயம். ஆனால் சாகக் கிடப்பவரின் குடிசைக்குள் போகத் தயங்கிய குருவைக் கண்டித்ததில் தூர்நோன் பக்கமே நியாயம். சாதிக்குப் பணிவதை ஊர் வழக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது.

இத்தனை கண்டனத்துக்குப் பிறகும் அந்தக் குருக்களைப் பதிதர் என்று ரோமாபுரி தீர்க்கவில்லை. கத்தோலிக்க அறநெறியில் தவறாக நம்புவது மட்டுமே ஒருவரைப் பதிதர் ஆக்காது. ஞானஸ்நானம் பெற்றவர், திருச்சபை கட்டாயமாக விசுவசிக்கச் சொல்லும் உண்மையை அறிந்தும் பிடிவாதமாக மறுக்க வேண்டும், அல்லது ஐயுற வேண்டும். அறியாமல் பிழைப்பவர், திருத்தினால் ஏற்கத் தயாராயிருப்பவர் பதிதரல்லர் என்பது புனித அகுஸ்தீன் காலத்திலேயே வகுத்த வேறுபாடு. மதுரைக் குருக்கள் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரியையும் மறுத்ததில்லை. அவர்கள் வாதமெல்லாம் எது சமயச் சடங்கு, எது குல ஆசாரம் என்பதைப் பற்றியே.

இதே கரையில் தரங்கம்பாடியில் 1706இல் காலூன்றிய லுத்தரன்களை, மதுரை மிஷனின் குருவான வீரமாமுனிவர் பதிதர் என்றே எழுதினார். அங்கே சண்டை கோட்பாட்டைப் பற்றியது.

தூர்நோனின் ஆணையை எதிர்த்துச் சேசு சபையார் மேல்முறையீடு செய்தார்கள். சர்ச்சை நாற்பது ஆண்டு இழுத்தது. 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அந்த விதிகளைப் பெரும்பாலும் உறுதிசெய்து, அவற்றைக் கடைப்பிடிப்பதாக மிஷனரிகள் சத்தியம் செய்யவேண்டும் என்றார். அந்தச் சத்தியத்தை ரோமாபுரி நீக்கியது 1940இல்தான்.