கையொப்பம்: கடனா, கொடையா?

இசை நிகழ்ச்சி முடிந்து மண்டபத்து விளக்குகள் எரியத் தொடங்கியதும், மேடையின் பின்வாசலில் ஒரு கூட்டம் சேர்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பிள்ளைகள் நிகழ்ச்சி நிரலையும் பேனாவையும் ஏந்தி நிற்பர். பெற்றோர் படக்கருவியுடன் காத்திருப்பர். கலைஞர் சிலவேளை முகமலர்ந்து வருவார். சிலவேளை எவரையும் பாராது வண்டியில் ஏறிச் சென்றுவிடுவார். அவ்வாறு சென்றுவிட்டால், “இவ்வளவு காசு கொடுத்து ரிக்கற் வாங்கினோம், பிள்ளைக்கு ஒரு கையெழுத்துப் போட மனமில்லையே!” என்ற குறை அடுத்த வாரம் முழுவதும் எமது வீடுகளிற் பேசப்படும். “பாட வந்தவர் பாடிவிட்டார். அதற்கு மேல் அவரிடம் என்ன கடன்?” என்று கேட்போரும் உளர்.

இவ்விரு கூற்றுகளில் எது நியாயமானது? இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. இசைஞன் ஒருவன் தன் இசையை மட்டும் கேட்போருக்குக் கொடுக்கிறானா, அல்லது தன்னையே கொடுக்கிறானா என்ற வினா ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஐரோப்பிய இசையுலகில் இருந்து வருகிறது. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குதல் எமக்குப் பயன் தரும்.

சீருடை அணிந்த மேதை

ஜோசப் ஹேடன் ஐரோப்பிய இசையின் பெருமேதைகளுள் ஒருவர். 1761ஆம் ஆண்டு, தமது இருபத்தொன்பதாவது வயதில், ஒஸ்திரியப் பேரரசின் பெருஞ் செல்வர்களான எஸ்ரர்ஹாசி பிரபுக்களின் மாளிகையில் அவர் பணியேற்றார். அப்போது அவர் ஒப்பமிட்ட உடன்படிக்கை இன்றும் வரலாற்று மாணவர்களால் வாசிக்கப்படுகிறது. மாளிகைச் சீருடையை அணிய வேண்டும்; காலுறை வெண்மையாக இருக்க வேண்டும்; நாள்தோறும் நண்பகலுக்கு முன்னும் பின்னும் பிரபுவின் முன்னறையில் வந்து நின்று, இன்று இசை வேண்டுமா எனக் கேட்டறிய வேண்டும்; இயற்றும் இசை யாவும் பிரபுவுக்கே உரியது, அதைப் பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாகாது என்றெல்லாம் அதில் விதிக்கப்பட்டிருந்தது.

அக்காலத்தில் இசைஞன் தன் இசையை மட்டுமன்றித் தன் நேரத்தையும் தன் உடலையும் கடன்பட்டிருந்தான் என்பதை இவ்வுடன்படிக்கை தெளிவாகக் காட்டுகிறது. பிரபு விரும்பியபோது முன்னால் வந்து நிற்பது அவன் கடமை. இசைஞன் மாளிகையின் ஊழியருள் ஒருவன், அவ்வளவே.

இந்நிலை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. எமது மண்ணிலே நாதஸ்வரக் கலைஞர்கள் மேலாடையின்றி, நின்றவாறே வாசிக்க வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கேட்போர் அமர்ந்திருக்க, வாசிப்போர் நின்றனர். திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை (1898-1956) அவ்வழக்கத்தை ஏற்க மறுத்தார். உடையணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்து, தம் கலைக்குரிய இருக்கையைக் கேட்டுப் பெற்றார். அவரைச் செருக்குடையவர் என்றோரும் இருந்தனர். ஆயின் பின்வந்த வித்துவான்கள் மேடையில் அமர்ந்ததற்கு வழி திறந்தவர்களுள் அவர் முதன்மையானவர் என்பதை மறுக்க இயலாது.

நுழைவுச்சீட்டு தந்த விடுதலை

1790இல் எஸ்ரர்ஹாசி பிரபு காலமானபின் ஹேடன் லண்டனுக்குச் சென்றார். சலமன் என்ற வயலின் கலைஞர் அங்கே கச்சேரிகளை ஒழுங்கு செய்தார். பொதுமக்கள் பணம் கொடுத்து மண்டபத்துக்கு வந்து கேட்டனர். 1791ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. முன்னறையில் காத்து நின்ற ஊழியர், அறுபது வயதை அண்மித்த வேளையிலே, தம் இசைக்காக மட்டும் மதிக்கப்படும் மனிதரானார்.

இம்மாற்றத்தைச் செய்தது எது? நாம் இன்று குறைகூறும்போது சான்றாகக் காட்டும் அதே நுழைவுச்சீட்டுத்தான்! ஒரு பிரபுவின் பணத்தில் வாழ்ந்தவரை அவ்வொருவர் ஆளலாம். ஆயிரம் பேரின் சிறு தொகையில் வாழ்பவரை எவரும் தனித்து ஆள முடியாது. சீட்டு வாங்கியவருக்கு அந்த மாலையின் இசை உரியது. இசைஞருடைய ஏனைய மாலைகள் அவருக்கே உரியவை. இதுவே நுழைவுச்சீட்டின் உள்ளார்ந்த பொருள்.

ஆயின் ஆயிரம் பேரும் ஒன்றுசேர்ந்து ஒரு பிரபுவாகிவிடக் கூடும் என்பதை அடுத்த தலைமுறை கண்டது. ஹங்கேரியிற் பிறந்த பியானோ மேதை பிரான்ஸ் லிஸ்ற் 1841ஆம் ஆண்டின் இறுதியில் பேர்லின் நகருக்கு வந்து சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்தினார். அவருடைய கைக்குட்டைக்கும் கையுறைக்கும் இரசிகைகள் சண்டையிட்டனர். அவர் புகைத்தெறிந்த சுருட்டுத் துண்டையும், அறுந்த பியானோத் தந்தியையும் எடுத்துப் பாதுகாத்தனர். இதனைக் கண்ட கவிஞர் ஹைனே 1844இல் இதற்கு ‘லிஸ்ற் பித்து’ எனப் பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார்.

இசைஞரைச் சமூகம் ஊழியராக நடத்துவதைக் கண்டித்து 1835இலேயே பாரிசில் கட்டுரைகள் எழுதியவர் இதே லிஸ்ற் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1847ஆம் ஆண்டு, முப்பத்தைந்து வயதிலே, புகழின் உச்சியில் நின்றபோது, பணத்துக்காகக் கச்சேரி செய்வதை அவர் நிறுத்திக்கொண்டார். அதனால் அவர் மக்களை வெறுத்தார் என்று கொள்ளலாகாது. பிற்காலத்தில் தம்மை நாடிவந்த மாணவர்க்கெல்லாம் பணம் பெறாமலே கற்பித்தார். நெருக்கிப் பறிக்க முயன்றோரிடமிருந்து விலகியவர், கற்க வந்தோருக்கு அள்ளிக் கொடுத்தார்.

இக்கூட்ட மனப்பான்மையை வணிகமாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான பார்னம். சுவீடன் நாட்டுப் பாடகி ஜெனி லிண்டை அவர் 1850இல் அமெரிக்காவுக்கு அழைத்தார். நியூயோர்க்கிற் காசில் கார்டன் மண்டபத்தில் நடந்த முதற் கச்சேரியின் சீட்டுகள் ஏலத்தில் விற்கப்பட்டன. முதற் சீட்டைத் தொப்பி வியாபாரி ஒருவர் 225 டொலருக்கு வாங்கினார். தம் கடைக்கு அது நல்ல விளம்பரம் என்பது அவர் கணக்கு. பாடகியின் பெயரால் கையுறைகளும் தொப்பிகளும் விற்பனையாயின. அடுத்த ஆண்டே ஜெனி லிண்ட் பார்னத்துடனான உடன்படிக்கையை முடித்துக்கொண்டார். அவர் ஈட்டிய பணத்திற் பெரும்பகுதி அறப்பணிகளுக்குச் சென்றது. அதே காசில் கார்டன் 1855 முதல் 1890 வரை, கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளைப் பதிவு செய்யும் நிலையமாக விளங்கியது என்பது எம்போன்றோர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

நண்பர் ஏடு

இனி, கையொப்பம் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது எனக் காண்போம். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஜேர்மனியின் விற்றன்பேர்க் முதலிய பல்கலைக்கழக நகரங்களில் மாணவர்கள் சிற்றேடுகளை வைத்திருந்தனர். தம் ஆசிரியர்களிடமும் உடன்பயின்றோரிடமும் ஒரு வாசகமும் பெயரும் எழுதி வாங்கினர். அவற்றை ‘நண்பர் ஏடு’ என்று அழைத்தனர். எமது பாடசாலைகளில் இறுதி வகுப்பு முடியும் காலத்தில் கைமாறிய ‘ஓட்டோகிராப்’ புத்தகங்கள் இம்மரபின் வழிவந்தவையே. அதில் ஒருவர் மட்டும் எழுதுவதில்லை. என் ஏட்டில் நீ எழுதுவாய். உன் ஏட்டில் நான் எழுதுவேன்.

1792ஆம் ஆண்டு, இருபத்தொரு வயது இளைஞரான பீத்தோவன், ஹேடனிடம் பயில்வதற்காகப் பொன் நகரிலிருந்து வியன்னாவுக்குப் புறப்பட்டபோது, நண்பர்கள் அவருக்கு இத்தகைய ஏடு ஒன்றை எழுதிக் கொடுத்தனர். இடையறாத உழைப்பினால் மோசாற்றின் ஆன்மாவை ஹேடனின் கரங்களிலிருந்து பெறுவாய் என்னும் கருத்தில் வால்ட்ஸ்ரைன் பிரபு அதிலே எழுதினார். ஈண்டு கையொப்பமிட்டவர் யார்? இரசிகர். பெற்றவர் யார்? இசைஞர்! கையொப்பத்தின் பழைய இயல்பு இதுதான். அது அன்பின் அடையாளமாகக் கொடுக்கப்பட்டது. கேட்டு வாங்கும் உரிமையாக எவரும் அதனைக் கருதவில்லை.

வாசலில் நின்ற ஆபத்து

இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டும் தொலைக்காட்சியும் வந்தபின், ஒரே குரலை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டனர். எல்லோருக்கும் கை குலுக்க எவராலும் இயலாது. பீற்றில்ஸ் குழுவினர் மேடையில் தாம் வாசிப்பது தமக்கே கேளாத அளவுக்கு இரசிகரின் கூச்சல் ஓங்கியிருந்தது. 1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி சன்பிரான்சிஸ்கோவில் நடந்த நிகழ்ச்சியுடன் அவர்கள் இசைப் பயணங்களை நிறுத்திக்கொண்டனர்.

அவர்களுள் ஒருவரான ஜோன் லெனன், நியூயோர்க்கில் தம் வீட்டு வாசலில் காத்து நிற்போருக்குக் கையொப்பமிடுவதைத் தவிர்ப்பவரல்லர். 1980ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி மாலை, வெளியே செல்லும்போது, இசைத்தட்டு ஒன்றை நீட்டிய இளைஞனுக்கும் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அன்றிரவு வீடு திரும்பியபோது அதே இளைஞன் அவரைச் சுட்டுக் கொன்றான். லெனனுக்கு அப்போது நாற்பது வயது. பின்வாசலில் ஒரு கலைஞர் விரைந்து செல்வதைக் காணும்போது, அவரைச் செருக்குடையவர் எனத் தீர்ப்பளிக்கும் முன் இந்நிகழ்ச்சியை நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

அதே குழுவின் றிங்கோ ஸ்ரார், தமது அறுபத்தெட்டாவது வயதில், 2008 ஒக்ரோபர் 20ஆம் திகதிக்குப் பின்னர் வரும் இரசிகர் கடிதங்களுக்குக் கையொப்பமிடப் போவதில்லையென அறிவித்தார். பலர் அவரை ஏசினர். ஆயினும் அவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணியைச் செய்து வந்தவர் என்பதை எத்தனை பேர் நினைத்தனர்?

இரு வேறு வழிகள்

நாம் வாழும் இந்நாட்டின் மாபெரும் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் ரொறன்ரோவிற் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், முப்பத்தொரு வயதிலே மேடையை விட்டு விலகி, இறக்கும் வரை ஒலிப்பதிவிலும் வானொலியிலுமே பணியாற்றினார். இரசிகர்களுக்கு அவர் தம் முகத்தைக் கொடுக்கவில்லை. தம் இசை முழுவதையும் கொடுத்தார். 1977இல் விண்வெளிக்கு அனுப்பப்பட்ட வொயேஜர் கலங்களில் அவர் வாசித்த பாஹ்கின் இசையும் செல்கிறது. இன்று ரொறன்ரோ புறன்ற் வீதியில், ஒலிபரப்புக் கூட்டுத்தாபனக் கட்டடத்தின் முன்னே, வாங்கில் அமர்ந்திருக்கும் அவரது வெண்கலச் சிலையருகே எவரும் அமர்ந்து படமெடுக்கலாம். கூட்டத்தை அஞ்சிய மனிதருக்கு இது பொருத்தமான ஏற்பாடே!

மறுபுறத்தில், அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர் கார்த் புறூக்ஸ் 1996ஆம் ஆண்டு நாஷ்வில் நகரில் நடந்த இரசிகர் விழாவில், முன்னறிவிப்பின்றி வந்து, இருபத்துமூன்று மணி நேரம் இடைவிடாது கையொப்பமிட்டார். எவரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயமின்மையாலேயே அச்செயல் இன்றும் பேசப்படுகிறது.

கூல்ட் கடன் தவறியவரல்லர். புறூக்ஸ் கடன் தீர்த்தவருமல்லர். முன்னவர் கொடாதிருந்ததும் பின்னவர் கொடுத்ததும் கொடையே. கொடையைக் கடனென்று கேட்கத் தொடங்கினால், ஹேடனுக்குப் பழைய சீருடையை மீண்டும் அணிவித்தவர்களாவோம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கலைஞருடன் சந்திப்பு எனக் கூறி மேலதிகப் பணம் பெற்றுச் சீட்டு விற்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பணம் பெற்றுச் சொன்ன சொல் கடன்தான். அதைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் கலைஞரின் சம்மதமின்றி அமைப்பாளர் அவ்வாறு விளம்பரம் செய்திருந்தால், கடன்காரர் அமைப்பாளரே. பிள்ளையின் ஏமாற்றத்துக்கு அவரிடமே விளக்கம் கேட்க வேண்டும்.

எமது கடன்

கலைஞர் எமக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்றே இதுவரை பார்த்தோம். கேட்போராகிய நாம் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்? எமது பழந்தமிழ் நூல்கள் இக்கேள்வியையே பெரிதாக எண்ணின. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில், கலைஞனுக்குப் பரிசில் வழங்கிய கரிகாற்சோழன், அவன் பின்னே ஏழடி காலால் நடந்து, அவனைத் தேரேற்றி வழியனுப்புவதாகப் புலவர் பாடுகிறார். பேரரசன் கலைஞனுக்குப் பின்னே நடந்தான் என்பதை எமது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

தொலைவிலிருந்து வரும் புகழாளரின் கையொப்பத்துக்காகக் குளிரில் ஒரு மணி நேரம் நிற்கிறோம். பகல் முழுவதும் உணவகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்துவிட்டு, மாலையில் எமது பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு மிருதங்கம் வாசிக்க வரும் எம்மவரைப் பின்வாசலில் எவர் காத்து நிற்கிறார்? கோயில் வீதியில் மணிக்கணக்காகத் தவில் வாசித்தவருக்கு முதலில் உணவு பரிமாறுகிறோமா? பேசிய சன்மானத்தை அன்றிரவே கொடுக்கிறோமா? ஊரை இழந்து வந்த எமக்கு இசையை இழக்காமல் காத்துத் தருவோர் இவர்களே. இவர்களிடம் எவரும் கையொப்பம் கேட்பதில்லை.

பெரிய கலைஞர் கையொப்பமிட்டால் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம். இடாவிட்டால் கேட்ட இசையை நினைந்து வீடு திரும்புவோம். எமது ஊர்க் கலைஞர் வாத்தியத்தை உறையிலிட்டுக் கிளம்பும்போது, பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு அவருடன் வாசல்வரை நடப்போம். ஏழடி நடந்தாற் போதும்.