ஐந்தா, ஏழா? பேத்தியின் கேள்வியும் ஒரு பழைய கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் பேத்தி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். "தாத்தா, ஃபிசிக்ஸ் 5 எடுக்கட்டுமா, 7 எடுக்கட்டுமா?" என்றாள்.

அங்கே தொடக்க இயற்பியல் மூன்று வரிசைகளாக இருக்கிறது. 8 என்பது உயிரியல், மருத்துவம் பக்கம் போகிறவர்களுக்கு. 7 என்பது பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கு. 5 என்பது இயற்பியலையே முதன்மைப் பாடமாக நினைப்பவர்களுக்கு. நம் காலத்தில் பி.யு.சி.யில் முதல் குரூப்பா, இரண்டாம் குரூப்பா என்று அப்பா விண்ணப்பத்தில் டிக் அடித்தால் முடிந்தது. இவளுக்கு அப்படியில்லை.

ஒரே இயற்பியல் எப்படி மூன்றானது?

1940களின் இறுதியிலேயே இந்தப் பிரிவு புத்தகங்களில் தெரிகிறது. சியர்ஸ், செமான்ஸ்கி என்ற இரட்டையர் 'காலேஜ் ஃபிசிக்ஸ்' என்று நுண்கணிதம் இல்லாமல் ஒரு நூலும், 'யுனிவர்சிட்டி ஃபிசிக்ஸ்' என்று நுண்கணிதத்தோடு இன்னொரு நூலும் எழுதினார்கள். விழும் கல் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் தூரத்துக்கான அந்தச் சூத்திரத்தில் 'அரை' எங்கிருந்து வந்தது என்பதை, முடுக்கத்தை இரண்டு முறை தொகையிட்டவன் தானே கண்டுகொள்வான்.

1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கைப் பறக்கவிட்டது. அமெரிக்கா பதறிப்போய் அறிவியல் கல்விக்குப் பணத்தை ஒதுக்கியது. 1960இல் ஹாலிடே-ரெஸ்னிக் வந்தது. என் மேசையில் பழுப்புத்தாள் அட்டையோடு கிடந்த தடிப் புத்தகம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் ஃபெய்ன்மன் இரண்டாண்டுப் பாடம் நடத்தினார். 1965 முதல் பெர்க்லி இயற்பியல் வரிசை ஐந்து தொகுதிகளாக வரத் தொடங்கியது. அதில் இரண்டாம் தொகுதியை எழுதியவர் நோபல் பரிசு பெற்ற பர்செல். மின்னோட்டம் பாயும் கம்பியின் காந்த விசையை, சார்பியல் வழியாக மின்விசையிலிருந்தே வரவழைத்துக் காட்டியிருப்பார். முதன்முதலில் படித்தபோது இரவு தூங்கவில்லை. 1973இல் எம்.ஐ.டி.யிலிருந்து கிளெப்னர்-கோலென்கோ இயந்திரவியல் நூல் வந்தது. இப்படித்தான் கெட்டிக்காரர்களுக்கென்று தனிப்பாதை வலுப்பெற்றது.

ஆனால் அந்தப் பாதையைப் பற்றி ஃபெய்ன்மனுக்கே திருப்தியில்லை. தன் நூலின் முன்னுரையில், மாணவர்களைப் பொறுத்தவரை பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். 180 பேரில் ஒன்றிரண்டு டஜன் பேருக்குத்தான் ஏறக்குறைய எல்லாம் புரிந்ததாம். அவ்வளவு பெரிய ஆசிரியர் அப்படி எழுதினார்.

நான் அதைப் படித்திருந்தும் பாடம் கற்கவில்லை. 1990களில் என் மாணவன் ஒருவன் அமெரிக்காவில் இளங்கலைக்குப் போனான். இதே கேள்வியைக் கடிதத்தில் கேட்டான். "கடினமானதையே எடு, நீ என் மாணவன்" என்று பதில் போட்டேன். அவனுக்கு நுண்கணிதம் எவ்வளவு தெரியும் என்று ஒரு வரி கேட்கவில்லை. பக்கத்து வகுப்பில் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த கணிதத்தை இந்த வகுப்பில் சரளமாகப் போடச் சொன்னார்கள். முதல் ஆண்டு முடிவதற்குள் இயற்பியலையே விட்டுக் கணக்குப் பதிவியலுக்குப் போய்விட்டான். இன்று நன்றாக இருக்கிறான், என்னைக் குறை சொன்னதே இல்லை. ஆனால் நான் பதில் போட்டது அவனுக்காக அல்ல, என் பெருமைக்காக. இந்தப் பதிவை அவனும் படிப்பான். தம்பி, மன்னித்துக்கொள்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1998இல் ரிச்சர்ட் ஹேக் என்பவர் 62 வகுப்புகளில் 6,542 மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டார். விரிவுரையை மட்டும் கேட்டவர்களைவிட, வகுப்பிலேயே யோசித்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிக் கற்றவர்களுக்கு அடிப்படைக் கருத்துகள் மிக நன்றாகப் பதிந்திருந்தன. வரிசை எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, வகுப்பு எப்படி நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அதனால் இந்த முறை பேத்திக்கு நான் பதில் சொல்லவில்லை, கேள்வி கேட்டேன். வகையிடலும் தொகையிடலும் உனக்குக் கை பழகிவிட்டதா? அதே பருவத்தில் வேறு எத்தனை கனமான பாடங்கள்? நூலகத்தில் இரண்டு வரிசைகளின் புத்தகங்களையும் எடுத்து ஐந்தைந்து கணக்கு போட்டுப் பார். வராத கணக்கு உன்னைத் தூங்கவிடாமல் இழுத்தால் 5. பயமுறுத்தினால் 7. ஏழு ஒன்றும் தாழ்ந்ததல்ல கண்ணு, அதிலிருந்தும் இயற்பியலுக்குப் போகலாம். விதிமுறைகளை அங்குள்ள ஆலோசகரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்.

"நீங்க எதை எடுப்பீங்க தாத்தா?" என்றாள்.

"அது உன் கணக்கு அம்மாடி, நான் போட்டால் எனக்குத்தான் மார்க்" என்றேன். சிரித்துவிட்டு வைத்தாள். இன்னும் முடிவு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் குரூப்பை உங்களுக்கு யார் தேர்ந்தெடுத்தார்கள்? கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய ஃபிசிக்ஸ் வாத்தியார்