மட்கார்டில் ஒரு கை வெள்ளை: சைக்கிள் விளக்கின் கதை



நம் ஜூஜுவாடித் தெருக்களில் இன்னும் ஓடும் பழைய கறுப்பு சைக்கிள்களின் பின் மட்கார்டைக் கவனித்திருக்கிறீர்களா? அடியில் ஒரு கை அளவு வெள்ளை பெயின்ட், அதற்கு மேல் சிவப்பு ரிஃப்ளெக்டர். அழகுக்காக அடித்தது என்று நினைத்திருப்போம். அது இங்கிலாந்தில் நடந்த ஒரு பழைய தகராறின் மிச்சம். இரவில் சைக்கிளில் போகிறவர் பின்னால் விளக்கு வைக்க வேண்டுமா என்பதுதான் தகராறு.

சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து சர்வீஸ் ரோட்டில் திரும்புகிறவர்களும், நம் செக்யூரிட்டி அண்ணன்களும், விடியுமுன் அத்திப்பள்ளிப் பக்கம் சைக்கிளிங் கிளம்பும் நம் வீட்டுப் பிள்ளைகளும் லாரிகள் ஓடும் சாலையில்தான் போகிறார்கள். அவர்களுக்கு எந்த விளக்கு ஏற்றது என்று தெரிந்துகொள்ள இந்தக் கதை உதவும்.

எண்ணெய், கல், டைனமோ

முதலில் வந்தது எண்ணெய் விளக்கு. முன் சக்கரம் ஆள் உயரம் இருந்த காலத்தில், அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே விளக்கைத் தொங்கவிட்டார்கள். பர்மிங்ஹாமில் இப்படிப்பட்ட விளக்குகளைச் செய்து பெயர் வாங்கியவர் ஜோசப் லூகாஸ். ‘சாலையின் ராஜா’ என்ற பொருளில் அவர் தன் விளக்குக்குப் பெயர் வைத்தார். பிற்காலத்தில் அந்த நிறுவனம் மோட்டார் வாகன மின்கருவிகளுக்கு மாறியது. 1961-இல் டி.வி.எஸ். குழுமத்துடன் சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கியது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் ஊருக்கும் சைக்கிள் விளக்குக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு.

அடுத்து வந்தது கார்பைடு விளக்கு. மாம்பழம் பழுக்க வைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்யப்பட்ட அதே கார்பைடு கல்தான். மாம்பழ மாவட்டத்துக்காரர்களான நமக்கு அதன் நாற்றம் புதிதல்ல. கீழ் அறையில் கல், மேல் அறையில் தண்ணீர். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, அசிட்டிலின் வாயு கிளம்பி வெள்ளை வெளேரென்று எரியும். வெளிச்சம் பிரமாதம். ஆனால் ஒவ்வொரு முறையும் சுண்ணாம்புச் சேற்றைக் கழுவ வேண்டும்.

பிறகு டயரில் உரசிச் சுழலும் டைனமோ வந்தது. 6 வோல்ட், 3 வாட். எண்ணெயும் வேண்டாம், கல்லும் வேண்டாம். ஆனால் மிதிக்க மிதிக்கத்தான் வெளிச்சம். மழையில் டயர் வழுக்கினால் மங்கும், வண்டி நின்றால் அணையும். நடுரோட்டில் நிற்கும்போது, எல்லோர் கண்ணிலும் பட வேண்டிய நேரத்தில், இருட்டு.

பின் விளக்குக்கு 50 ஆண்டு

முன் விளக்கு சீக்கிரமே சட்டமாகிவிட்டது. இங்கிலாந்தில் 1888-ஆம் ஆண்டுச் சட்டம், சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின் சைக்கிளில் விளக்கு எரிய வேண்டும் என்றது. பின் விளக்கு என்றதும் அங்குள்ள சைக்கிள் சங்கமே எதிர்த்தது. ‘முன்னால் போகிறவரைப் பார்த்து ஓட்டுவது பின்னால் வரும் மோட்டார்க்காரரின் பொறுப்பு. அதை ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள்?’ என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சமரசமாக ரிஃப்ளெக்டர் போதும் என்றானது. 1934-இல் பின்புறம் வெள்ளைப் பட்டையும் கட்டாயமானது. இரண்டாம் உலகப் போரில் ஊரே விளக்கணைத்துக் கிடந்தபோதுதான் பின் விளக்கு கட்டாயமாகி, 1945-இல் நிரந்தரச் சட்டமானது.

நமக்கு வந்து சேர்ந்தது அந்தச் சமரசம்தான்: வெள்ளை பெயின்டும் ரிஃப்ளெக்டரும். தமிழ்நாட்டில் போலீஸ்காரர் பார்த்ததும் முன் விளக்கைத்தான். விளக்கில்லாமல் போனாலோ ‘டபுள்ஸ்’ போனாலோ வால்டியூப்பைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார் என்ற பயம் அன்று எல்லோருக்கும் உண்டு. காகிதக் கூம்புக்குள் மெழுகுவத்தி ஏற்றிப் பிடித்துக்கொண்டு போன கதையை உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். விளக்கு என்பது பாதுகாப்புக்கு என்பதைவிட, போலீஸிடமிருந்து தப்பிக்க என்றே மனதில் பதிந்துபோனது. அந்தச் சோதனை மறைந்ததும் விளக்கும் மறைந்தது. இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான புதுச் சைக்கிள்களில் விளக்கே இல்லை.

இன்று எதை வாங்கலாம்?

1990-களில் நீல எல்.இ.டி.யும் அதைத் தொடர்ந்து வெள்ளை எல்.இ.டி.யும் வந்தபின் எல்லாம் மாறிவிட்டது. நீல எல்.இ.டி.க்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. விரல் நீள விளக்கு ஒன்று கார்பைடு விளக்கைத் தோற்கடிக்கிறது. இப்போது குறை வெளிச்சத்தில் இல்லை, தேர்வில்தான்.

ஒரு சிறு கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். ஹெட்லைட் வெளிச்சத்தில் 30 மீட்டரில்தான் உங்களைப் பார்க்கிறார் என்றால், ஓட்டுநருக்கு 2 நொடிகூட இல்லை. சிவப்பு விளக்கு 150 மீட்டரிலேயே தெரிந்தால் 9 நொடி கிடைக்கும். ஆகவே:

• பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, தெருவிளக்கும் இருக்கிறது என்றால் முதலில் சிவப்புப் பின் விளக்கு வாங்குங்கள். ரிஃப்ளெக்டரையும் கழற்ற வேண்டாம். மேலே வெளிச்சம் பட்டால்தான் அது மின்னும்.

• தெருவிளக்கு உள்ள இடத்தில் முன்னால் 100 லூமென் போதும். இருட்டுச் சாலைக்கு 200 முதல் 400 வரை.

• ‘1000 லூமென்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஒளியைச் சற்றே தரையை நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். எதிரே வருகிறவர் கண் கூசினால் அவர் உங்கள் மீதே வரக்கூடும்.

• யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஆவதாகவும், மழைச் சாரல் தாங்க ஐ.பி.எக்ஸ். 4 குறியீடு உள்ளதாகவும் பாருங்கள்.

முன் விளக்கு நாம் பார்க்க. பின் விளக்கு நம்மைப் பிறர் பார்க்க. இந்த இரண்டாவது விஷயத்தை இங்கிலாந்து ஒப்புக்கொள்ள 50 ஆண்டுக்கு மேல் ஆனது. நமக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பேஸ்மென்டில் உங்கள் வீட்டு சைக்கிளின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். அப்படியே கேட்டருகே நிற்கும் செக்யூரிட்டி அண்ணனின் சைக்கிளையும்.