உறைதல் என்னும் சொல்: தயிரும் ஜெல் வேதியியலும்

தமிழில் பனிக்கட்டியும் உறைகிறது, தயிரும் உறைகிறது. வேதியியலுக்கு இவை வெவ்வேறு நிகழ்ச்சிகள். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் படிகமாக அடுக்கப்படுகின்றன. தயிரிலோ நீர் நீராகவே இருக்கிறது. எடையில் பெரும்பங்கும் அதுதான். அதைப் பிடித்துவைக்கும் புரத வலை மட்டுமே புதிது.

குறுந்தொகை 167-ஆம் பாடலின் தலைவி கட்டித் தயிரை விரலால் பிசைகிறாள். ஊற்றிக் குடிப்பதை யாரும் பிசைவதில்லை. திடத்துக்கும் திரவத்துக்கும் நடுவே அடுப்படி அறிந்திருந்த இந்த இடைநிலைக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். சவ்வின் வழியே எளிதில் ஊடுருவாத ஜெலட்டின் போன்ற பொருள்களுக்கு 1861-இல் தாமஸ் கிரகாம் 'கொலாய்டு' என்று பெயரிட்டார். பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் வேர். தமிழ்ப் பாடநூல்கள் கூழிலிருந்து 'கூழ்மம்' என்று ஆக்கிக்கொண்டன. பசையைவிடக் கூழே பொருத்தம். 'ஜெல்' என்ற சொல்லும் கிரகாம் தந்ததே.

பெயர் வந்தும் வரையறை வரவில்லை. ஜெல்லை இனங்காண்பது எளிது, வரையறுப்பதே கடினம் என்று 1926-இல் டோரத்தி ஜோர்டன் லாயிட் எழுதினார். 1941-இல் பால் ஃபுளோரி கணக்கின் வழியே ஒரு விடை தந்தார்: கிளைவிடும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொண்டே போக, ஒரு கட்டத்தில் கலம் முழுவதும் பரவிய ஒரே வலை உருவாகிறது, அதுவே ஜெல் பிறக்கும் புள்ளி. இவ்வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜன் புரதத்துக்கு முப்புரி அமைப்பை முன்வைத்தனர். கொலாஜன் சிதைந்து வருவதே ஜெலட்டின். அதன் கரைசல் ஆறும்போது முப்புரி ஆங்காங்கே மீண்டும் முறுக்கிக்கொள்கிறது. அந்த இடங்களே வலையின் முடிச்சுகள்.

தயிரின் முடிச்சுகள் வேறுவகை. ஆவின் பால்பண்ணை இயங்கும் மாதவரத்திலானாலும் வீட்டு அடுப்படியிலானாலும் வேதியியல் ஒன்றே. பாலில் கேசின் புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. எதிர்மின்சுமை அவற்றை விலக்கி வைக்கிறது. உறைமோரின் பாக்டீரியாக்கள் பால்சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்க, பி.எச். 6.6-லிருந்து 4.6 வரை இறங்குகிறது. மின்சுமை தணிகிறது, உருண்டைகளுக்குள் இருந்த கால்சியம் பாஸ்பேட் கரைகிறது, உருண்டைகள் சரம்சரமாகக் கோத்துக்கொள்கின்றன. பாலை முன்கூட்டியே நன்றாகக் காய்ச்சுவது கிருமிக்காக மட்டுமல்ல. சூட்டில் உருக்குலைந்த மோர்ப்புரதங்கள் கேசினோடு ஒட்டுவதால்தான் தயிர் கெட்டிப்படுகிறது.

பாத்திரத்தைச் சாய்த்தால் கட்டித் தயிர் நகராது. கரண்டியால் ஒரு வெட்டு எடுத்தால் அந்தப் பள்ளத்தில் சற்று நேரத்தில் இளம்பச்சைத் தெளிநீர் கசிந்து நிற்கும். வலை சுருங்கி நீரை வெளியேற்றும் இச்செயலையும் கிரகாம் கவனித்திருந்தார்.

ஆகவே திடமா, திரவமா என்பதற்கு விடை, எவ்வளவு விசை, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. இன்றைய ஆய்வகங்கள் ஜெல்லை மெல்ல அசைத்துப் பார்க்கின்றன. மீள்தன்மை பாகுத்தன்மையை விஞ்சினால் அது திடம்போல் நடக்கிறது என்று பொருள். விசை கூடினால் வலை அறுந்து ஓடத் தொடங்கும். உட்பொருளில் திரவம், நடத்தையில் திடம் என்பதே தயிருக்குப் பொருந்தும் தீர்ப்பு. உருகிய பனிக்கட்டி மீண்டும் உறையும். மத்தால் கடைந்து நீர் சேர்த்த மோர் எத்தனை நாள் வைத்தாலும் கட்டித் தயிராவதில்லை.