வலை வழங்கியில் தமிழ் அகரவரிசை: ‘தம்மம்பட்டி’ என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டத்தில் சுவேத நதிக்கரையில் அமைந்துள்ள தம்மம்பட்டி, மரச்சிற்பத் தொழிலால் அறியப்பட்ட ஊர். இவ்வூர்ப்பெயரைத் தமிழ் அகராதிகளின் முறைப்படி அடுக்கினால் அது ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு முன்னே வரும். ‘தம்’ என்பதில் உள்ள புள்ளியெழுத்து, ‘தமி’ என்பதில் உள்ள உயிர்மெய்க்கு முற்பட்டது என்பது அகராதி வழக்கு. தமிழுக்கெனத் தனியமைப்பு எதுவும் செய்யாமல் லினக்ஸ் வழங்கியில் நிறுவப்பட்ட மீடியாவிக்கி போன்றதோர் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, அதே பெயரைத் ‘தமிழ்’ என்பதற்குப் பின்னே வைக்கும்.

ஓர் ஊர்ப்பெயர் முன்னே வந்தால் என்ன, பின்னே வந்தால் என்ன என்று கேட்கலாம். நூலடைவு, சொல்லடைவு, பெயரடைவு ஆகியவற்றைப் பயன்படுத்தும் ஆய்வாளர் ஒரு சொல்லை அது இருக்க வேண்டிய இடத்தில்தான் தேடுவார். அங்கு இல்லையெனில் ‘இல்லை’ என்றே குறித்துக்கொள்வார். எனவே, எழுத்துக்களின் வரிசையை முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் சென்றுள்ளது என்பது அறிவு வரலாற்றுக்கு உரிய வினாவாகும். தமிழ் உள்ளடக்கங்கள் லினக்ஸ் வழங்கிகளில் குடியேறிய வரலாற்றின் வழியே இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

நிகண்டிலிருந்து அகராதிக்கு

நிகண்டுகள் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தன. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்னும் பகுப்பை அறிந்து, நூற்பாக்களை மனனம் செய்தவரே அவற்றைக் கையாள இயன்றது. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின்படி அடுக்கியது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் தொகுக்கப்பட்டபோது அகரவரிசை முறை மேலும் முழுமை பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது, ஆய்தத்துக்கும் புள்ளியெழுத்துக்கும் உரிய இடம் அச்சில் உறுதிப்பட்டிருந்தது. இம்மூன்று நூற்றாண்டுக்கு மேற்பட்ட வளர்ச்சியில் வரிசையைத் தீர்மானித்தவர்கள் புலவர்களும் அகராதித் தொகுப்பாளர்களுமே.

கோப்புகளின் காலம்

இணையத்தில் தமிழ் இலக்கியம் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதில் மதுரைத் திட்டத்துக்குத் தனியிடம் உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட இத்தன்னார்வ முயற்சியைச் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்தார். நூல்கள் தனித்தனிக் கோப்புகளாக வெளியிடப்பட்டன. தொடக்கத்தில் மயிலை, இணைமதி ஆகிய எழுத்துருக்களிலும், பின்னர்த் திஸ்கி குறியேற்றத்திலும், அதன்பின் ஒருங்குறியிலும் அவை அமைந்தன. படிப்பவர் கோப்பைத் திறந்து தொடக்கம் முதல் படித்தார். வழங்கி அதனை எடுத்துக்கொடுக்கும் பணியை மட்டும் செய்தது. ஆகவே வரிசைச் சிக்கல் எழவில்லை.

எழுந்திருந்தால் திஸ்கி அதனைத் தாங்கியிராது. அக்குறியேற்றம் எழுத்துக்களைக் கண்ணுக்குத் தெரியும் முறையிலேயே சேமித்தது. ‘கொல்லிமலை’ என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் அதன் பின்னும் நின்றன. இவ்வாறு சேமித்ததை எந்திரம் அப்படியே அடுக்கினால் ககரத்தில் தொடங்கும் சொற்கள் கொம்பு உள்ளவை, இல்லாதவை எனச் சிதறிவிடும்.

ஒருங்குறி இக்குறையை நீக்கியது, வேறொன்றைக் கொண்டுவந்தது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கு 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை அடிப்படையாகக் கொண்டது. தேவநாகரி எழுத்துக்களின் வரிசையை ஒட்டி எல்லா இந்திய எழுத்துக்களையும் இணையாக அமைப்பது இஸ்கியின் நோக்கம். அதனால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் இடம்பெற்றன. ள, ழ இரண்டும் வகரத்துக்கு முன் வந்தன. ஆய்தம் அகரத்துக்கும் முந்தியது. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிந்தியது. குறியெண் என்பது அடையாளமே, அகரவரிசை அன்று என்று ஒருங்குறிக் கூட்டமைப்பு விளக்கியுள்ளது. ஆயினும் வேறு கட்டளை இல்லாதபோது எந்திரம் குறியெண்ணையே வரிசையாகக் கொள்ளும்.

தரவுத்தளத்தின் வருகை

உள்ளடக்க மேலாண்மை அமைப்பில் பக்கம் என்பது கோப்பாக இருப்பதில்லை. உரை தரவுத்தளத்தில் கிடக்கிறது. படிப்பவர் கேட்கும் கணத்தில் நிரல் அதனை எடுத்துப் பக்கமாகத் தொடுக்கிறது. இதற்கு வேண்டிய லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி வழங்கி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பிஎச்பி நிரல்மொழி ஆகிய நான்கும் கட்டற்ற மென்பொருள்களாகக் கிடைத்தன. இந்நான்கின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘லேம்ப்’ என்னும் பெயர் 1998இல் வழக்கிற்கு வந்தது. உரிமக் கட்டணம் இன்றி வழங்கி நடத்த இயன்றமையே, அரசோ பெருநிறுவனமோ பின்னால் நில்லாத தமிழ் முயற்சிகளுக்கு வழிவிட்டது.

2002இல் பிஎச்பியில் எழுதப்பட்ட விக்கிப்பீடியா மென்பொருளே பின்னர் மீடியாவிக்கி எனப் பெயர்பெற்றது. தமிழ் விக்கிப்பீடியாவின் தளம் 2003 செப்டம்பரில் தோன்றியபோது அதன் இடைமுகம் முழுதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றிய இலங்கைத் தமிழரான மயூரநாதன், அவ்வாண்டு நவம்பரில் ஏறத்தாழ மூன்று வாரங்களில் அதன் பெரும்பகுதியைத் தமிழாக்கினார். ‘தொகு’, ‘வரலாறு’, ‘பேச்சு’ என அன்றாடச் சொற்கள் கணினித் திரையில் புதிய பொருள் பெறுவதற்கு அத்தகைய தமிழாக்கமே அடிப்படை. இங்குக் குறிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு: ஆங்கில விக்கிப்பீடியா 2005 வரை பழைய இலத்தீன் குறியேற்றத்திலேயே இயங்கியது, தமிழ்ப்பதிப்போ தொடக்கம் முதலே ஒருங்குறியில் இயங்கியது.

இதே மீடியாவிக்கியை இலங்கைத் தமிழரின் நூலகம் திட்டம் வேறொரு நோக்கத்திற்குப் பயன்படுத்தியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்கள், இதழ்கள், பிரசுரங்கள் முதலியவற்றை மின்வடிவாக்கி, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, தனிப்பக்கம் அமைத்துப் பட்டியலிட்டது. கலைக்களஞ்சியத்துக்கென எழுதப்பட்ட மென்பொருள் இங்கு நூற்பட்டியல் ஆயிற்று. நூற்பட்டியலில் அகரவரிசை அலங்காரம் அன்று, அதுவே நுழைவாயில்.

நிறுவும்போது எடுக்கப்படும் முடிவுகள்

மீடியாவிக்கி உரையைத் தரவுத்தளத்தில் வெறும் பைட்டுகளாகச் சேமிக்கிறது. எந்த மொழி எழுத்தும் சிதையாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் பைட்டு வரிசையும் குறியெண் வரிசையும் ஒன்றே. ஊர்ப்பெயர்களைக் கொண்டே இதன் விளைவைக் காணலாம். அகராதி முறையில் பரமத்தி, பள்ளிபாளையம், பனமரத்துப்பட்டி என வரவேண்டிய மூன்றும், குறியெண் முறையில் பனமரத்துப்பட்டி, பரமத்தி, பள்ளிபாளையம் என வரும். ஏலகிரிக்குப் பின் வரவேண்டிய ஏற்காடு முன்னே வரும். தம்மம்பட்டி, தமக்கை, தமிழ் என்னும் வரிசை தமக்கை, தமிழ், தம்மம்பட்டி என மாறும். மரச்சிற்பிகளின் தொழிற்சொற்களைத் தொகுத்து இவ்வாறான தளமொன்றில் ஒருவர் ஏற்றினால், புள்ளியெழுத்து வரும் சொற்கள் எல்லாம் தத்தம் இடத்திலிருந்து பெயர்ந்துவிடும். தமிழில் இரட்டித்த மெய் எத்துணை மிகுதி என்பதை எண்ணினால் சிக்கலின் அளவு புலப்படும்.

இதற்குத் தீர்வு 2011இல் வெளியான மீடியாவிக்கியின் 1.17ஆம் பதிப்பில் வந்தது. பகுப்புகளுக்குள் உள்ள பக்கங்களை எந்த முறையில் அடுக்குவது என்பதைத் தளத்தின் அமைப்புக்கோப்பில் குறிக்க அது இடமளித்தது. ஒருங்குறிக் கூட்டமைப்பின் ஐசியு நூலகமும், அதனைப் பிஎச்பியோடு இணைக்கும் நீட்சியும் வழங்கியில் நிறுவப்பட்டிருந்தால், மெய்யெழுத்தைத் தனியெழுத்தாகக் கொள்ளும் தமிழ் வரிசை விதிகளைப் பயன்படுத்தலாம். அமைப்பை மாற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே உள்ள பக்கங்களின் வரிசைச் சாவிகளைப் புதுப்பிக்கும் பராமரிப்பு நிரலையும் வழங்கியில் ஒருமுறை இயக்க வேண்டும். இயங்குதளத்தை மேம்படுத்தும்போது ஐசியு பதிப்பு மாறினால், அந்நிரலை மீண்டும் இயக்க வேண்டும். இத்தனைக்குப் பின்னும் ‘அனைத்துப் பக்கங்கள்’ என்னும் பட்டியல் பழைய பைட்டு வரிசையிலேயே நிற்கும். ஒரே தளத்தில் இரண்டு அகரவரிசைகள்!

இவற்றுள் எதுவும் தமிழறிஞரின் பார்வைக்கு வருவதில்லை. கருநிறத் திரையில் கட்டளைகளைத் தட்டும் வழங்கி நிர்வாகி, நிறுவல் குறிப்பில் முன்பு ‘விருப்பத்திற்குரியது’ எனக் குறிக்கப்பட்டிருந்த நீட்சியொன்றை விட்டுவிட்டிருப்பார். அவர்மீது குற்றமில்லை, ஆங்கிலத் தளத்துக்கு அதன் தேவை மிகக் குறைவே.

இடவரம்பும் இத்தகையதே. தம்மம்பட்டி என்பது ஏழு எழுத்து. ஒருங்குறியில் அது பதினொரு குறிகள். யுடிஎப்-8 முறையில் 33 பைட்டுகள். இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறிகளோடு 99 எழுத்துருக்கள். மீடியாவிக்கியில் ஒரு தலைப்பு 255 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. தமிழுக்கு 85 குறிகள், அதாவது ஏறத்தாழ ஐம்பத்து நான்கு எழுத்து. ஆசிரியர் பெயர், ஊர், உரை, பதிப்பு என எல்லாவற்றையும் தலைப்பிலேயே அடுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களுக்கு இவ்வளவு போதாது.

இன்னும் நுண்ணிய சிக்கல் ஒன்று பழைய கணக்குச் சுவடிகளைப் பதிப்பிப்போருக்கு நேர்வது. முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களின் குறியீடுகள் உள்ளிட்ட 51 குறிகள் 2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் தமிழ்த் துணைத்தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் நான்கு பைட்டு. மைஎஸ்கியூஎல்லில் ‘யுடிஎப்8’ என்று நெடுங்காலம் வழங்கியதோ மூன்று பைட்டுக் குறிகளை மட்டுமே ஏற்றது. நான்கு பைட்டு வடிவம் 2010இல் கிடைத்தது. வேர்டுபிரஸ் 2015இல் அதற்கு மாறியது. பழைய முறையில் அமைந்த அட்டவணையில் நிலக்கணக்கொன்றைப் பதிந்தால், கடுங்கட்டுப்பாடு இல்லாத அமைப்பில் முதற் பின்னக்குறி வரும் இடத்தோடு உரை அறுபட்டுப்போகும். நாள், பெயர், ஊர் எல்லாம் இருக்கும்; அளவு மட்டும் இராது.

ஆய்விதழ்களும் ஆசிரியர் பெயரும்

தமிழியல் ஆய்விதழ்கள் பலவும் இன்று கனடாவில் உருவான ‘ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ என்னும் மென்பொருளில் இயங்குகின்றன. 2001இல் முதன்முதலாக வெளியான இதுவும் பிஎச்பியில் எழுதப்பட்டு, பெரும்பாலும் லினக்ஸ் வழங்கிகளிலேயே நிறுவப்படுவது. பக்கத்தின் குறியேற்றமும் தரவுத்தள இணைப்பின் குறியேற்றமும் அதன் அமைப்புக்கோப்பில் வெவ்வேறு வரிகளாக இருந்தன. முன்னதை மட்டும் சரிசெய்து பின்னதை மறந்த இதழ்களில் தமிழ்ச்சொற்கள் பொருளற்ற குறிகளாகவோ வினாக்குறிகளாகவோ மாறும் வாய்ப்பு இருந்தது.

ஆசிரியர் பெயரில் சிக்கல் வேறு வகையானது. அம்மென்பொருள் இடுபெயரையும் குடும்பப்பெயரையும் தனித்தனியே கேட்டது. தமிழரிடம் இருப்பதோ தலைப்பெழுத்தும் பெயரும். குடும்பப்பெயர்க் கட்டத்தில் சிலர் தந்தை பெயரை இட்டனர். சிலர் தலைப்பெழுத்தை இட்டனர். சிலர் தம் பெயரையே இருமுறை எழுதினர். ஆசிரியர் அடைவு குடும்பப்பெயரால் அடுக்கப்படுவதால் ஒரே ஆய்வாளர் ஓர் இதழில் தகரத்திலும் மற்றோர் இதழில் மகரத்திலும் காணப்படுகிறார். 2019இல் வந்த 3.1.2ஆம் பதிப்பு குடும்பப்பெயரைக் கட்டாயம் அல்ல என்று ஆக்கியது. பெயரைப் பல மொழிகளில் எழுதவும் வழிசெய்தது. அதற்கு முன் பதிவான பெயர்கள், நிர்வாகி ஒவ்வொன்றாகத் திருத்தாத வரை, முன்பு இட்ட இடத்திலேயே இருக்கின்றன.